பாவாயி அழுத படம்

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு நான் எழுந்து வெளியே போனேன். நீ பின்னாலிருந்து கூப்பிட்டாய். நான் திரும்பவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நீ ஒன்று கேட்டாய்: "நான் நல்லாருக்கறது உங்களுக்குப் புடிக்கலீங்களாப்பா?" அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. உன் அம்மா இந்த ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான்கு முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது போனில் சொல்லக்கூடிய அளவில் இல்லை. அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு உன் சினிமா விளம்பரக் கம்பெனியில் உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கொடு. இதில் எனக்குக் கூச்சம் இனி ஒன்றும் இல்லை.

அன்று நீ போனில் காட்டிய காட்சி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு தியேட்டர் வாசல். என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு மனிதர் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். மைக்கை நீட்டுகிறார்கள். அவர் பேச வாயைத் திறந்து, பேச முடியாமல், சட்டைக் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுகிறார். நீ சந்தோஷமாகச் சொன்னாய்: "ரெண்டு நாள்ல எத்தன லட்சம் பேரு பாத்துட்டாங்க பாருங்கப்பா. இவர நாந்தானுங்க தேடிப் புடிச்சேன். படத்துல பொண்ணு சாவுதுல்ல, இவரு பொண்ணும் போன வருசம் நெசமாலுமே தவறிப்போச்சுங்க. அதான் டிக்கெட் குடுத்துக் கூட்டியாந்தோம்." கூட்டிவந்தோம் என்ற அந்தச் சொல்லில்தான் நான் எழுந்தேன். உன் மேல் கோபம் என்று நீ நினைத்தாய். உன்னைப் பார்க்க எனக்கு முகம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

உனக்கு என்னை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகத்தான் தெரியும். அதற்கு முன்னால் நான் சேலத்தில் ஒரு சினிமா விநியோகக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். உன் அம்மாவுக்கு அது தெரியும், அங்கே என்ன செய்தேன் என்பது முழுதாகத் தெரியாது. உன் தாத்தாவும் அப்பத்தாவும் காபிப் பழம் பறித்தே என்னைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். எனக்கு எஸ்டேட் பிடிக்கவில்லை. மலையை விட்டு இறங்கி, தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்தக் கம்பெனி முதலாளியிடம் போய் நின்றேன். படத்தின் பிரதிநிதி என்று வேலை கொடுத்தார். ரீல்கள் அடங்கிய படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். பெட்டி கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் ஊரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறதா, மூங்கில் சட்டத்தில் துணி அடித்த தட்டிகளைச் சந்தைப் பக்கம் வைத்திருக்கிறார்களா, ஒலிபெருக்கி கட்டிய ஜீப் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, எல்லாம் என் பொறுப்பு. ஒரு படத்தை எடுத்து முடிப்பதோடு வேலை முடிவதில்லை, வீட்டில் இருக்கிறவனைக் கிளப்பிக் கொண்டுவந்து உட்கார வைப்பது அதைவிடப் பெரிய வேலை என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார்.

பொய் சொல்லக் கூடாது, அந்த வேலையை நான் நொம்ப ஆசையாகச் செய்தேன். மைதாப் பசை வாசனை எனக்குப் பிடிக்கும். ஜீப்பில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே! பெரியோர்களே!" என்று நான் ஆரம்பித்தால் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். படம் ஓடாத ஊரில் "இன்றே கடைசி" என்று ஒரு தாளை அச்சடித்துப் போஸ்டர் மேல் குறுக்கே ஒட்டுவோம். அன்று கூட்டம் வரும். மறுநாள் "ரசிகர்களின் வேண்டுகோளுக்கிணங்க மேலும் மூன்று நாட்கள்" என்று அதன் மேலேயே இன்னொரு தாள். யாருக்கும் அதில் நஷ்டமில்லை, சிரித்துக்கொண்டே வருவார்கள். இன்று நீ செய்வதும் அந்த வேலைதான். டீசர், டிரெய்லர் என்று பெயர் வேறு. அதனால் நீ சினிமாவை விற்கிறாய் என்று எனக்கு வருத்தமில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அப்போது நம் ஏற்காட்டில், ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. மழை பிடித்தால் வசனம் கேட்காது. மலைக்கு டிவி வராத காலம். எஸ்டேட்டுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் அன்றைக்குப் பகல் காட்சிதான் பெரிய காட்சி. ஒரு முறை எங்கள் கம்பெனி வாங்கிய படம் ஒன்று கீழே எங்கும் ஓடவில்லை. பேர் சொல்லும்படி நடிகர்கள் இல்லை. தாயைப் பிரிந்த ஒரு பெண் குழந்தையின் கதை. கடைசியாக மலையில் போட்டுப் பார்ப்போம் என்று பெட்டியை என்னிடம் கொடுத்து அனுப்பினார் முதலாளி.

நான் படத்தைப் பார்க்க மாட்டேன், ஜனங்களைப் பார்ப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே வெளியே எழுந்து போகிறார்கள் என்று கவனித்து எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஞாயிறு பாதிக் கொட்டகை காலி. படத்தில் அந்தக் குழந்தை ரெட்டைச் சடையோடு ரயிலடியில் ஓடிவந்து "அம்மா" என்று கூப்பிடும் இடம் வந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் எழுந்தாள். நேராகத் திரையைப் பார்த்து நடந்தாள். திரைக்குக் கீழே போய் நின்று, கையைத் தூக்கி, "சரசு" என்று கூப்பிட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததைப் பார்த்துக் கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் அழுதார்கள். ஆபரேட்டர் படத்தை நிறுத்திவிட்டார்.

அவள் பெயர் பாவாயி. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. புருஷன் கோவிந்தன் அங்கேயே மருந்தடிக்கிறவர். இருவருக்கும் ஒரே குழந்தை, ஐந்து வயது, சரசு. அதற்கு முந்தின மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. கோவிந்தன் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க புள்ளயாட்டமே இருக்குதுங்க அது. போட்டா ஒண்ணுகூட எடுக்கலீங்க நாங்க. அதான் தாங்க முடியாம போயிருச்சு."

மறுநாள் தபாலாபீசிலிருந்து முதலாளிக்கு டிரங்க் கால் போட்டு நடந்ததைச் சொன்னேன். துக்கமாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னை நானே நம்ப வைக்கப் பார்க்கிறேன். அவர், "அந்தப் பொம்பளைய விட்றாத" என்றார். அந்த வாரமே தட்டிகள் வந்தன. "வெள்ளக்கடைத் தாய் கதறியழுத கண்ணீர்க் காவியம்!" வாசகம் முதலாளியுடையது இல்லை, கண்ணு. நான் எழுதியது. ஜீப்பில் போய் மஞ்சக்குட்டை வரைக்கும் நானே மைக்கில் சொன்னேன். அடுத்த ஞாயிறு கொட்டகை கொள்ளவில்லை. பாவாயிக்கு முன்னால் பாய் போட்டு இடம் வைத்தேன், டிக்கெட் வேண்டாம் என்றேன். அவள் அழுதாள். ஜனங்கள் திரையைப் பார்த்தது பாதி, அவளைப் பார்த்தது பாதி. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

நான் அவளை ஏமாற்றினேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும், எனக்குக் கூட்டம் வேண்டும், இரண்டும் நடக்கிறது என்று நினைத்தேன். படப்பெட்டி வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் போகிற நாள் வந்தபோது முதலாளி அவளையும் கூட்டிவரச் சொன்னார். அவர்கள் வீட்டுக்கே போனேன். கோவிந்தனுக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்க, அது எங்க புள்ள இல்லீங்க. படமுங்க" என்றார். பாவாயி வாசல்படியில் உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "எனக்குத் தெரியாதுங்களா? தெரியுமுங்க. இன்னம் ரெண்டு தடவ பாத்துக்கறேன். பொட்டி போயிருச்சுன்னா எங்கிட்டு போயிப் பாக்கறது?" என்றாள். எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்தார்கள்.

வாழப்பாடியில் அவள் கொஞ்சம்தான் அழுதாள். அங்கிருந்து ஆத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது எனக்கு முன் சீட்டிலிருந்து திரும்பி அவளாகவே பேசினாள். "ஏனுங்க தம்பி, இப்பெல்லாம் அழுவாச்சி வரமாட்டீங்குதுங்க. மொதல்ல பாக்கறப்ப அவ நம்மள உட்டுட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. இப்பப் பாத்தா எங்கியோ நல்லா இருக்கறாப்பல இருக்குதுங்க. சடை போட்டு உட்ருக்கறாங்க, நல்ல சட்ட போட்ருக்கறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கோவிந்தன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எந்த மருந்தும் செய்யாததை அந்த ஓடாத படம் அவளுக்குச் செய்துகொண்டிருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆத்தூரில் ஞாயிறு பகல் காட்சி. முதலாளியே வந்திருந்தார். பத்திரிகையில் போடுவதற்காக பிளாஷ் காமிராவோடு ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். பாவாயிக்கு முதல் வரிசையில் நாற்காலி. கொட்டகை நிறைந்து சுவரோரம் நின்றார்கள். படம் ஓடியது. குழந்தை வருகிற இடமெல்லாம் வந்தது. பாவாயி கையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் பள்ளிக்கூட விழாவில் ஆடுவதைப் பார்க்கிற தாயைப்போல் லேசாகச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாரோ, "எங்கப்பா அந்தம்மா? அழவே காணோம்" என்றார்கள். ஒருவன் விசில் அடித்தான். ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போட்டார்கள். அங்கே ஒரே புரொஜெக்டர்தான், ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்த வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார். காமிராக்காரரைக் காட்டினார், அவளைக் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார். அடுத்த ரீலில்தான் ரயிலடி.

விளக்கு அணைந்ததும் நான் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். திரையில் அந்தக் குழந்தை ஓடிவந்தது. நான் அவள் காதுப் பக்கம் வாயை வைத்து, திரையைப் பார்த்துக் கூப்பிட்டேன்: "சரசு! இங்க வா சாமி. உங்கம்மா வந்திருக்கறா பாரு."

அவள் திரும்பினாள். இருட்டில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். குழந்தை அதற்குள் அந்தப் பக்கமாக ஓடிவிட்டிருந்தது. பாவாயியிடமிருந்து அப்போது வந்த சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏற்காட்டில் அழுதது அழுகை, இது வேறு. பிளாஷ் அடித்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. கூட்டம் எழுந்து நின்றது. கோவிந்தன் ஜனங்களைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் துண்டை எடுத்து அவள் தலைமேல் போட்டு முகத்தை மூடி, தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நான் பின்னால் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியவில்லை. கொட்டகை வாசலில் அவர் நின்றார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கும் ஒரு நாளைக்குப் புள்ள பொறக்குமுங்க" என்றார். அவ்வளவுதான். ஏசுகிற குரல் இல்லை. சாபமா, வாழ்த்தா என்று இந்த வயது வரைக்கும் எனக்குப் புரிந்ததில்லை. இரண்டு பேரும் வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள்.

அன்றோடு வேலையை விட்டேன் என்று எழுதக் கை ஆசைப்படுகிறது. விடவில்லை, சாமி. அந்தப் போட்டோவை வைத்து விளம்பரம் வந்தது. மூடாத வாயும் கலைந்த தலையுமாக அவள் முகம் தர்மபுரி வரைக்கும் தட்டியில் நின்றது. ஓடாத படம் ஓடியது. முதலாளி என் தோளில் தட்டி எனக்குக் கீழே இரண்டு பேரைப் போட்டார். நான் இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது சந்தையில் உன் அப்பத்தா சொன்னாள்: "அந்த வெள்ளக்கடைப் புள்ள சந்தைக்கே வரதில்லடா. அழுவாச்சிக்காரி, அழுவாச்சிக்காரின்னு சின்னஞ்சிறுசுக பின்னாலயே போவுதுக." பாவாயியை அழுவாச்சிக்காரி ஆக்க ஆத்தூரில் நான் செய்தது உன் அப்பத்தாவுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் சேலத்துக்குத் திரும்பவில்லை. யாரிடமும் காரணம் சொல்லாமல், எந்த எஸ்டேட் வேண்டாம் என்று ஓடினேனோ அதிலேயே ரைட்டராகச் சேர்ந்தேன்.

கல்யாணம் வேண்டாம் என்று வெகுநாள் தட்டிக்கழித்ததற்கும் இதுதான் காரணம். எனக்கு நாற்பது ஆன பிறகு நீ பிறந்தாய். உனக்கு ஒவ்வொரு முறை உடம்பு சுட்டபோதும் நான் பைத்தியம்போல் ஆனதை உன் அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். கோவிந்தன் சொன்ன வார்த்தை என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. படத்தை விற்று உனக்குச் சோறு வருகிறது, அதில் கேவலம் எதுவும் இல்லை. பாட்டை விற்பாய், சண்டையை விற்பாய், நடிகர் முகத்தை விற்பாய். அவர்கள் விற்பதற்கென்று ஒப்புக்கொண்டு வந்தவர்கள். நீ போனில் காட்டிய அந்த மனிதர் அப்படி வந்தவர் இல்லை. அவர் தன் மகளை நினைத்துக்கொள்ள ஒரு இருட்டான இடத்துக்கு வந்தார். நீ வெளியே வெளிச்சத்தில் காத்திருந்தாய். அவர் அழுதது நிஜம்தானே, நாங்கள் ஒன்றும் நடிக்கச் சொல்லவில்லையே என்று நீ கேட்பாய். நிஜமாக இருந்ததுதான் தப்பு, கண்ணு. நடித்திருந்தால் வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க உனக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை போ. கையில் போன் எடுக்காமல் போ. அவர் பெண்ணைப் பற்றி அவர் பேச நினைத்தால் கேள், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. நான் போகாமல் நாள் கடத்தினேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் வெள்ளக்கடைப் பக்கம் போகிற ஜீப்பில் நான் ஏறியதில்லை. கோவிந்தன் முதலில் இறந்துபோனார், நாலு வருஷத்துக்கு முன்னால் பாவாயியும் போய்விட்டாள். இரண்டு சாவுக்கும் போய்த் தூரத்தில் நின்றேன்.

இடையில் ஒரே ஒரு முறை அவளை நேருக்கு நேர் பார்த்தேன். அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உனக்கு அப்போது மூன்று வயது. மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் நீயும் ஷேர் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு நிறுத்தத்தில் அவள் ஏறினாள். தலை நரைத்திருந்தது. எனக்கு எதிரேதான் இடம். என்னை உடனே தெரிந்துகொண்டாள், எனக்குத் தெரியும். ஜீப்பில் ஆள் சேரச் சேர நீ நசுங்கிச் சிணுங்கினாய். அவள் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டி உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நீயும் போய்விட்டாய். அவள் கண்ணாடி வளையலைச் சுற்றி விளையாடினாய்.

"சாமி பேரு என்னங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்தேன், சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் மூடிக்கொண்டேன். அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. உன்னைத் திரும்ப என் மடியில் வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, இறங்கி நின்று என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி ஆத்தூர்லருந்து வந்ததுக்கப்பறம் ஊட்டுல எங்க புள்ள பேர ஆருமே வாயில எடுக்கறதில்லீங்க. அவங்கப்பனும் எடுக்க மாட்டாரு. எனக்கும் வரமாட்டீங்குது" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அவளக் கடேசியாக் கூப்புட்டது நீங்கதானுங்க."

ஜீப் நகர்ந்தது. நீ என் தோளைப் பிடித்து மடியில் ஏறி நின்றுகொண்டு அவளுக்குக் கை ஆட்டினாய். கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளும் ஆட்டினாள். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அவள் மறையும் வரைக்கும் நான் என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா